பெரிய மார்க்கெட்டை ஒரே நாளில் காலி செய்யாதீர்கள்

புதுச்சேரி அரசின் உள்ளாட்சித் துறைக்கும் புதுச்சேரி நகராட்சிக்கும்,

வணக்கம். பெரிய மார்க்கெட்டான குபேர் அங்காடியைப் புதிதாகக் கட்ட வேண்டுமா என்று கேட்டால், கட்டத்தான் வேண்டும் என்பேன். மழை நாளில் மீன் பக்கம் போய்ப் பாருங்கள். வாய்க்கால் எது, வழி எது என்று தெரியாது. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் கால் வைத்தபடி அருவாமனையில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள் அந்த அம்மாக்கள். தலைக்கு மேலே கிழிந்த தார்ப்பாய், அதை உரசிக்கொண்டு மின்கம்பிகள். பழமை என்ற பெயரில் இதை அப்படியே விட்டுவைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் எல்லோரையும் ஒரே மூச்சில் வெளியே அனுப்பிவிட்டு இடிக்காதீர்கள். இந்த மடலில் நான் கேட்பது அவ்வளவுதான்.

2017இல் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அந்தத் திட்டத்தில் மார்க்கெட்டை எடுத்துக் கட்டுவதாகப் பேச்சு வந்தபோது வியாபாரிகள் கேட்டதும் இதையேதான்: பகுதி பகுதியாகக் கட்டுங்கள். அவர்களை முட்டுக்கட்டை போடுகிறவர்கள் என்று பேசினதைக் கேட்டிருக்கிறேன். அது அநியாயம். 2020 ஊரடங்கில் காய்கறிக் கடைகளைப் புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். நோய்க்காலம், வேறு வழியில்லை; அதை நான் குறை சொல்லவில்லை. எனக்கு வழக்கமாகக் கீரை தரும் அக்காவை அங்கே தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. கண்டபோது ஈரச்சாக்கின் மேல் பாதிக் கட்டுகள் வாடிக் கிடந்தன. "நம்ம ஆளுங்க யாரும் வரலம்மா" என்றார். நேரு வீதிக்குத் துணி எடுக்க வந்தவர்கள் அப்படியே உள்ளே நுழைந்து வாங்கிப் போகும் கீரை அது. அதற்கென்று யார் பேருந்து நிலையம் வரை போவார்கள்?

நேரு வீதி துய்ப்ளே வீதியாக இருந்த காலத்திலிருந்தே இங்கே வியாபாரம் நடக்கிறது. 1954இல் பிரெஞ்சு நிர்வாகம் போனது. மேயராக இருந்தவரும் 1963இல் முதல் முதலமைச்சர் ஆனவருமான எதுவார் குபேரின் பெயர் மார்க்கெட்டுக்கு வந்தது. நாங்கள் இன்னமும் பெரிய மார்க்கெட் என்றுதான் சொல்கிறோம்.

கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே அழகாகக் கட்டித் திறந்தது 2021இல். பழையதை அதே முகத்தோடு எழுப்ப நம்மால் முடியும் என்பதற்கு அது அத்தாட்சி, உங்களைப் பாராட்டுகிறேன். ஆனால் ஆறு வருஷத்துக்கு மேல் ஆனது. அலுவலகம் காத்திருந்தது. வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வரும் அம்மா ஆறு மாதம்கூடக் காத்திருக்க முடியாது.

சென்னை மூர் மார்க்கெட்டையும் நினைத்துக்கொள்கிறேன். 1900இல் திறந்தது, 1985 மே மாதம் எரிந்தது. வியாபாரிகளுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் கடைகள் கொடுத்தார்கள், மார்க்கெட் நின்ற இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. கடை கிடைத்தது, பழைய கூட்டம் திரும்பவில்லை.

எனவே முதல் செங்கல்லைப் பெயர்ப்பதற்கு முன்னால் ஒரு பட்டியலை மார்க்கெட் வாசலில் ஒட்டுங்கள். கடை உரிமம் உள்ளவர் பெயர் மட்டும் போதாது. தரையில் உட்கார்ந்து தினமும் இடத்துக்கான அடிக்காசு கட்டுகிற ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அதில் இருக்க வேண்டும். ரசீது இல்லை என்று அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். காசு வாங்கும்போது ரசீது கொடுக்காதது அவர்கள் குற்றமல்ல. புதுக் கட்டடத்தில் அவர்களுக்குத் தரைத்தளத்திலேயே இடம் வேண்டும். மீன் கூடையைச் சுமந்துகொண்டு யாரும் மாடி ஏறமாட்டார்கள், வாங்குகிறவர்களும் ஏறமாட்டார்கள். மார்க்கெட்டின் மணிக்கூண்டு இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

முதல் பகுதியாக மீன் பக்கத்தை எடுங்கள். வாய்க்கால் அங்கேதான் அவசரமாக வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் அதையாவது முடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பெரிய மார்க்கெட்டில் முப்பது வருஷமாகக் கூடை நிரப்பும் ஒருத்தி