செட்டிநாட்டு வீடுகளின் நஞ்சுக் குப்பைக்கு ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்துவிட்டால் செட்டிநாட்டில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு (முன்னோருக்குப் படைத்து வழிபடுவது) என்று ஏதாவது ஒரு விசேஷம் இருக்கும். பத்துப் பதினைந்து புள்ளி, அதாவது குடும்பம், பங்குள்ள வீட்டில், ஆண்டுக்கணக்கில் யாரும் கை வைக்காத அறைகளை நான்கைந்து ஆட்கள் இரண்டே நாளில் ஒழித்துக் கொடுக்கிறார்கள். பித்தளையும் எவர்சில்வரும் எண்ணி உள்ளே வைக்கப்படும். பழைய மரச்சாமானுக்கு விலை பேச ஆள் வந்துவிடுவார். மிச்சமெல்லாம் கொல்லையில் ஒரே குவியலாகச் சேரும். அந்தக் குவியலை அங்கேயே கொளுத்துகிறார்கள், இல்லையென்றால் ஊரணிக் கரையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்.

அதில் என்னென்ன கிடக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். எரிந்துபோன டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு, டார்ச் லைட் செல், செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரி, தாத்தா காலத்துத் தெர்மாமீட்டர், காலாவதியான மாத்திரை, இன்சுலின் ஊசி, கரையான் மருந்து டப்பா, பாதி மீந்த எனாமல் பெயின்ட், தின்னர், கக்கூஸ் கழுவும் ஆசிட். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற இரண்டு கூடைக்குள் இவை அடங்கா. இவற்றுக்கு மூன்றாவதாக ஒரு கூடை வேண்டும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இவற்றை ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று அப்போதே தனியாகப் பிரித்துச் சொல்லின. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் இவற்றைப் பெற்றுக்கொள்ளும் மையத்தை உள்ளாட்சி அமைப்புகள் ஏற்படுத்த வேண்டும், எந்த நேரத்தில் வாங்கிக்கொள்ளப்படும் என்பதை அறிவிக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்லின. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. தேவகோட்டை நகராட்சியும் கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் பேரூராட்சிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. மையம் எங்கே, என்றைக்குத் திறந்திருக்கும் என்று ஒவ்வொரு வார்டிலும் எழுதி ஒட்டுவது நடக்கக்கூடிய காரியம்தான்.

நம் ஊர்களுக்கு இது மற்ற ஊர்களைவிட அவசரம். கூரையில் விழும் மழை முற்றத்துக்கு வந்து, வரத்துக்கால் வழியே ஊரணிக்குப் போகும்படி கட்டிவைத்தார்கள் முன்னோர். வீட்டுக்குப் பின்னால் கொளுத்திய சாம்பலும் அதே வழியில்தான் போகும். செம்புராங்கல் பூமி தண்ணீரைக் கீழே விட்டுவிடும். கிணற்றையும் ஊற்றையும் நம்பி வாழ்ந்த சீமை இது. காரைக்குடிக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்று எவ்வளவு பெரிய சொத்து என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மையம் வரும்வரை வீட்டில் என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். வீட்டை ஒழிக்க ஆள் விடுவதற்கு முன்னால், பங்காளிகளில் விவரம் தெரிந்த ஒருவர் அறை அறையாகப் போய் இந்தச் சாமான்களைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். கூலிக்கு வந்தவரிடம் ‘பார்த்துப் பிரித்துப் போடுங்கள்’ என்று சொல்வது நியாயமில்லை. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் பாதரசம். ஒரு சி.எஃப்.எல். பல்பில் சில மில்லிகிராம் இருக்கும், பழைய தெர்மாமீட்டரில் ஒரு கிராம் வரை. வீட்டில் டாக்டர் யாராவது இருந்து பழைய பாதரச பி.பி. கருவி கிடந்தால் அதில் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். உடையாத பல்பையும் டியூபையும் அது வந்த அட்டையிலேயே, அட்டை இல்லாவிட்டால் செய்தித்தாள் சுற்றி, நிற்க வைத்து எடுத்து வையுங்கள். எல்.இ.டி. பல்பில் பாதரசம் கிடையாது. அது மின்னணுக் கழிவோடு போகட்டும்.

பல்பு உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, பிள்ளைகளை வெளியே அனுப்பிக் கால் மணி நேரம் காத்திருங்கள். விளக்குமாறு கூடவே கூடாது. பெருக்கினால் பொடி அறை முழுக்கப் பரவும். கெட்டி அட்டை இரண்டை எடுத்துச் சில்லுகளை அள்ளி, மிச்சப் பொடியை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். தெர்மாமீட்டர் உடைந்தால் துளிகள் ஓடி, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் இணைப்புகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் அவை பளிச்சென்று தெரியும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கலாம். இடுக்கில் நின்றுவிட்டதற்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கந்தகப் பொடியைத் தூவி, ஒரு நாள் விட்டு அட்டையால் வழித்து எடுங்கள். இதைச் செய்கிறவர் மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பாதரசம் பட்ட இடத்தில் தங்கம் வெள்ளையாகிவிடும். கல்யாண வீட்டில் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அடுத்தது, பலருக்குக் குப்பையாகவே தோன்றாத ஒன்று: மரத்துக்கு எண்ணெய் பூசிய பழந்துணி. தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் லின்சீட் ஆயிலும் டர்பென்டைனும் கலந்து தேய்த்துவிட்டு, துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். லின்சீட் ஆயில் உலரும்போது காற்றோடு வினைபுரிந்து சூடு உண்டாகும். துணி விரிந்து கிடந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். கசங்கிய குவியலில் உள்ளே தங்கி ஏறிக்கொண்டே போகும். யாரும் நெருப்பு வைக்காமலே சில மணி நேரத்தில் புகைந்து பற்றிக்கொள்ளும். பர்மா தேக்கு நிறைந்த வீட்டில், இரவில் ஆள் இல்லாதபோது இது நடந்தால் என்ன ஆகும்? வேலை முடிந்ததும் துணிகளைக் கொல்லைக் கொடியில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் விரித்து, விறைப்பாகக் காயும்வரை விடுங்கள். அதற்கு இடமில்லையென்றால் தகர டின்னில் தண்ணீர் ஊற்றி, துணியை முழுக்க அமிழ்த்தி மூடி வையுங்கள். சாக்கில் திணிக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வழி சுலபம். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளும் பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே வைக்கின்றன. ஐம்பது ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று தெருவில் வருகிறவரிடம் போடாதீர்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு ஈயத்தைத் திறந்த வெளியில் உருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேரக்கூடும். தூக்கும்போது சாய்க்கக் கூடாது. ஆசிட் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவுங்கள்; நுரைப்பது நின்ற பிறகு கையுறை போட்டு அள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்டால் ஆனது. ஆசிட் பட்டால் பூ வேலைப்பாடு அரித்துப்போய்விடும், திரும்ப வராது.

சிறு செல்களுக்கு இரண்டு முனையிலும் ஒட்டுநாடா ஒட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். ஒன்றோடொன்று உரசினால் சூடேறும். பொத்தான் செல் மாதிரி ஆபத்து வேறில்லை. குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும், காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உப்பிப்போன செல்போன் பேட்டரியையும் பவர் பேங்க்கையும் அழுத்தாமல், குத்தாமல் மணல் போட்ட தகர டப்பாவில் தனியே வையுங்கள். குப்பை வண்டியில் போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கும். மின்கல ஆராய்ச்சிக்குப் பேர்போன மத்திய மின்வேதியியல் ஆய்வகம், வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்தில், காரைக்குடியிலேயே இருக்கிறது. பழைய பேட்டரி சேகரிக்கும் பெட்டிகளை எப்படி அமைப்பது என்று மாநகராட்சி அவர்களிடம் யோசனை கேட்டுத் தொடங்கலாம்.

பூச்சிமருந்து விஷயத்தில் பழைய வீடுகளில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. பத்தாயத்தடியிலோ மாடிப்படி அடியிலோ வெள்ளைப் பொடி உள்ள பழைய டின், சாக்கு கிடைத்தால் அது கேமக்சின் எனப்படும் பி.எச்.சி.யாக இருக்கலாம். 1997-இல் தடை செய்யப்பட்டது. முகர்ந்து பார்க்க வேண்டாம், வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டாம், எறும்புக்கென்று தூவவும் வேண்டாம். முகத்தைத் துணியால் கட்டி, கையுறையோடு அதை அப்படியே பெரிய மூடி வாளிக்குள் இறக்கி, மேலே ‘விஷம்’ என்று எழுதிப் பூட்டி வையுங்கள். இப்போது வாங்கும் கரையான் மருந்து தீர்ந்துபோன டப்பாவில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தடவை செய்த பிறகு அடியில் ஓட்டை போடுங்கள். ஓட்டை போடாத டப்பா நல்லெண்ணெய் வாங்கவும் தண்ணீர் மொள்ளவும் போய்விடும்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே பையில், ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் மூச்சை அடைத்துவிடும். மீந்த டிஸ்டெம்பரில் மணலோ சிமென்டோ கலந்து இறுகவிட்டுக் குப்பையில் போடலாம். எனாமலும் தின்னரும் அப்படிச் செய்யத் தகாதவை, மூடி வைத்து மையத்துக்கே கொடுக்க வேண்டும்.

இன்சுலின் ஊசிக்கு மூடியைத் திரும்பச் சொருகாதீர்கள், அங்கேதான் விரலில் குத்துகிறது. சலவைத் திரவம் வந்த கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, முக்கால் நிறைந்ததும் மூடியைச் சுற்றி ஒட்டி, ‘ஊசி’ என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். மாத்திரைகளைக் கக்கூஸில் கொட்டாதீர்கள். நாப்கின், டயப்பர் இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துத் தனியே கொடுங்கள்.

விசேஷ வீட்டு வாழையிலை பற்றி ஒரு வரி: முழு இலையாகக் குழியில் போட்டால் ஒட்டிக்கொண்டு காற்றுப் புகாமல் நாறும். கிழித்துப் போட்டு, ஒரு பங்கு இலைக்கு இரண்டு பங்கு சருகு சேர்த்து, வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் எருவாகிவிடும்.

உள்ளாட்சி நிர்வாகங்களிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் திட்டமில்லை. கூரையும் பூட்டும் உள்ள ஓர் அறை, சிந்தியது வெளியே ஓடாதபடி விளிம்பு கட்டிய சிமென்ட் தரை, ஆசிட்டுக்கும் எரியும் பொருளுக்கும் தனித்தனி மூலை, மணல் வாளி, தீயணைப்பான், ஒரு பதிவேடு, பயிற்சி பெற்ற ஒரு பணியாளர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலை 8 மணி முதல் 12 மணி வரை திறந்தால் போதும். மார்கழிக் கடைசியிலும் சித்திரையிலும் ஒரு வாரம் தொடர்ந்து திறக்க வேண்டும், வெளியூர்ப் பங்காளிகள் வருவது அப்போதுதான். சேர்ந்ததை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிலையத்துக்கு அனுப்பியதற்கான ரசீதை அலுவலகப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். வரும் மார்கழிக்குள் காரைக்குடியில் ஒன்றாவது திறக்கப்பட்டால், தையில் ஒழிக்கப்படும் வீடுகளின் சாமான் அங்கே வந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்