இருபத்தோராவது குரோமோசோமும் விடுபட்ட பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டவுன் நோய்க்குறி பற்றித் தங்கள் அறிவியல் இணைப்பில் வந்த கட்டுரை, அதற்குக் காரணமான கூடுதல் இருபத்தோராவது குரோமோசோமைப் பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூன் தனியொருவராகக் கண்டுபிடித்து, அதற்காக 1969இல் மனித மரபியலின் உயரிய வில்லியம் ஆலன் விருதைப் பெற்றார் என்கிறது. விருது பெற்றது உண்மை. மற்றது எங்கிருந்து வந்தது? 1959 ஜனவரியில் வெளியான அந்த ஆய்வறிக்கையில் மூன்று பெயர்கள் இருப்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர்.

பாரிஸின் த்ரூசோ மருத்துவமனையில், குரோமோசோம்களைக் காண உடல் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும் செல் வளர்ப்பைத் தொடங்கியவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். பாஸ்டனில் கற்றுவந்த அந்த நுட்பத்துக்கு அங்கே நிதி ஒதுக்குவார் இல்லாததால், கடன் வாங்கிக் கண்ணாடிக் கலங்கள் வாங்கினார். செல்கள் வளரத் தேவையான சீரத்துக்குத் தம் ரத்தத்தையே எடுத்தார். பிளாஸ்மாவுக்காகச் சேவல் வளர்த்தார். படமெடுக்கும் நுண்ணோக்கி இல்லாததால் ஸ்லைடுகளை லெஜூனிடம் ஒப்படைத்ததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அறிக்கையில் லெஜூன் பெயர் முதலில். இவர் பெயர் இரண்டாவதாக, எழுத்துப் பிழையோடு. மூன்றாவது பெயர் ரேமோன் துர்பேன். லெஜூனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. முழுப் பங்கும் அவருடையது என்பதைத்தான் மறுக்கிறேன்.

2014இல், 88 வயதான கோத்தியேயைப் பிரெஞ்சு மனித மரபியல் கூட்டமைப்பு போர்தோ நகரில் கௌரவிக்க முன்வந்தபோது, லெஜூன் பெயரிலான அறக்கட்டளை அவருடைய உரையைப் பதிவுசெய்ய நீதிமன்ற அனுமதியோடு அமீனாக்களை அனுப்பியது. உரை ரத்தாயிற்று, பதக்கம் பொதுமேடையில் அல்லாமல் தனியே வழங்கப்பட்டது. கடன் பாக்கிக்கு வீடு தேடி வரும் அமீனாவை நாம் அறிவோம். உண்மையில் கடன்பட்டிருந்தது யார் என்பதுதான் என் கேள்வி. தொடக்கக் கண்டுபிடிப்பில் லெஜூனின் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு என்று பிரான்சின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான இன்செர்மின் அறநெறிக் குழு அதே ஆண்டில் கூறியதும் தங்கள் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை போலும்.

நானும் ஒரு மருத்துவமனையின் குரோமோசோம் ஆய்வகத்தில் நுட்புநராக இருந்தவள். எழுபத்திரண்டு மணி நேரம் வளர்த்த கல்ச்சர் கெட்டுப்போனால் ஏச்சு எங்களுக்கு. நன்றாக வந்தால் கட்டுரை மருத்துவர்களுக்கு. நன்றியுரையில்கூட எங்கள் பெயர் வந்ததில்லை. தங்கள் இதழோ, மூவர் பகிர்ந்த நோபல் பரிசுக்கும் ஒருவர் படத்தை மட்டும் வெளியிட்டுப் பழகிய இதழ். அதைக் குறித்து முன்பு எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டிப் பிரசுரித்த பெருந்தன்மைக்கும் நன்றி.

அடுத்த இணைப்பில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடமின்மையால் இக்கடிதத்தையும் சுருக்க நேர்ந்தால், மார்த் கோத்தியே, ரேமோன் துர்பேன் ஆகிய இரு பெயர்களையாவது வெட்டாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
மதுரை.