ஆண்டறிக்கை 2024–25: செங்காந்தள் தாள்கள்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், காரைக்குடிக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நம் நேரத்தில் பெரும்பகுதி செங்காந்தளுக்கே சென்றதால் இவ்வறிக்கையும் அதைப் பற்றியதே.

நம் வட்டாரத்தில் இப்பூ முன்னர் எங்கெங்கு இருந்தது என்பதை அறிய, உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் ஹெர்பேரியங்களின் பழைய தாள்களின் பதிவுகளைத் தேடுவதெனச் சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்திருந்தோம். கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியமும், கே.எம். மாத்யூ அடிகளார் 1967-இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியமும் முதலில் நினைவுக்கு வந்தன. செடியின் பெயரில் சிக்கல் இல்லை. லின்னேயஸ் 1753-இல் இட்ட குளோரியோசா சுபெர்பா என்ற பெயரே இன்றும் வழங்குகிறது. குடும்பம்தான் மாறியிருக்கிறது: பழைய முறைப்படி அடுக்கிய அலமாரிகளில் அல்லிக் குடும்பமான லிலியேசியில் தேட வேண்டும், இன்றைய வகைப்பாட்டில் அது கோல்சிகேசி.

உண்மையான தொல்லை ஊர்ப் பெயரில் இருந்தது. செட்டிநாடு ஒருபோதும் அரசுக் கணக்கில் ஒரு மாவட்டமாக இருந்ததில்லை. சிவகங்கை மாவட்டம் பிரிந்தது 1985-இல் என்பதால் அதற்கு முந்தைய காரைக்குடித் தாள் பெரும்பாலும் ‘ராம்நாட்’ (இராமநாதபுரம்) என்றிருக்கும். திருமயம் பக்கத்துத் தாளோ 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், பின்னர் திருச்சி மாவட்டம், 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டம் என மூன்று தலைப்புகளில் எங்கும் கிடக்கலாம். ‘திருப்பத்தூர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் மோசம். நம்முடையதா, வடக்கே ஏலகிரிக்கு அருகிலுள்ளதா என்று தெரியாது. உயரம் ஆயிரம் மீட்டர் என்றிருந்தால் தயங்காமல் தள்ளிவிடலாம், ஏனெனில் பிரான்மலையில்கூட அவ்வளவு உயரம் இல்லை. அக்கம்பக்கத்து ஊரோ உயரமோ குறிக்கப்படாத திருப்பத்தூர்த் தாள் எதையும் நம் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது செயற்குழுவின் முடிவு. அது சரியென்றே நானும் கருதுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க் கரைகளிலும் வேலியோரங்களிலும் பூத்த கொடிகளிலிருந்து நாமும் மாதிரிகள் எடுத்தோம். கிழங்கைத் தோண்டாமல், பூவும் காயும் உள்ள ஒரு கிளையை மட்டும், நாலைந்து கொடிகளாவது இருந்த இடத்தில்தான் எடுத்தோம். கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற கடும் நஞ்சு உண்டு. தொட்ட கையைக் கழுவாமல் யாரும் பலகாரத் தட்டை நெருங்கக் கூடாதென்று சொல்லியிருந்தேன். ஓர் உறுப்பினர் வீட்டு வளவில் தினத்தாள்களுக்கிடையே வைத்துப் பலகையின் மேல் அம்மிக்கல்லை ஏற்றியது வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அடைமழையில் இரண்டு நாள் தாள் மாற்றத் தவறியதால் முதல் கட்டு முழுவதும் கறுத்துப் பூஞ்சை பிடித்தது. அடுத்த கட்டுக்கு அந்த வீட்டு ஆச்சியே பொறுப்பேற்று, காலையும் மாலையும் தாள் மாற்றினார்கள், அது தப்பியது.

காய்ந்த காந்தளில் நிறம் நிற்பதில்லை. அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக இருந்த இதழ்கள் மூன்றே வாரத்தில் பழுப்பாகிவிட்டன. அலைபோன்ற விளிம்பும், அடியிலேயே பக்கவாட்டில் மடங்கும் சூல்தண்டும், பற்றுக்கம்பியாகச் சுருண்ட இலைநுனியும் மட்டுமே தெரிகின்றன. ஆகவே பறித்த அன்றே நிறம், நாள், ஊர், கண்மாயின் பெயர், தாமாக முளைத்ததா நட்டதா என்பதை எழுதியாக வேண்டும். விதைக்காக இதை வயலில் பயிரிடும் இக்காலத்தில் கடைசிக் குறிப்பை விடவே கூடாது. ஆச்சி சொன்ன ‘கண்வலிப்பூ’ என்ற பெயரையும் சீட்டில் சேர்த்துள்ளோம்.

நம் சங்க அலமாரியைத் துழாவியபோது பழைய காந்தள் தாள் ஒன்று கிடைத்தது. பூச்சி அரிக்காத, அழகாக ஒட்டப்பட்ட தாள். சீட்டில் ‘வேலியோரம்’ என்பதைத் தவிர ஊரும் இல்லை, நாளும் இல்லை. கையெழுத்து என்னுடையது. எந்த வேலி என்று இரண்டு வாரம் யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. அன்று உடன் வந்த உறுப்பினர் எவரேனும் இந்த அவையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் அலமாரிப் பக்கம் வந்து அதைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்