கொடிவழி நூலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் குடும்பத்தின் ஏழு தலைமுறைக் கொடிவழி அச்சுக்குப் போய்விட்டது. பதினோர் ஆண்டுகள் இழுத்த இந்த வேலையில் என் பங்கு கேட்டதும் எழுதியதும் மட்டுமே, கொடுத்தவர்கள் நீங்கள். ஆகவே புத்தகம் கைக்கு வருமுன்பே இம்மடலை எழுதிவிடுவதுதான் முறை என்று கருதுகிறேன்.

முதல் நன்றி மறைந்த என் தாத்தாவுக்கு. 1977இல் இலங்கையின் தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ என்ற கப்பலில் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்த அந்த மனிதர், அண்டா குண்டாக்களைக்கூடத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே விட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியை மட்டும் வழியில் யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இலங்கைக் குடியுரிமை கேட்டு அவருடைய தந்தை போட்ட விண்ணப்பத்தின் நகல் அதற்குள் இருந்தது. முந்தைய ஆண்டுச் சட்டத்தால், இலங்கைத் தோட்டங்களில் வேலை பார்த்த இந்திய வம்சாவளித் தமிழர்களான மலையகத்தார் நாடற்றவர்களாகிவிட, எத்தனை காலமாக இந்த மண்ணில் இருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று கொண்டுவரச் சொன்னது இந்த இரண்டாம் சட்டம். எங்கள் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கென்று ஒதுக்கிய 5,25,000 பேரில் நாங்களும் சேர்ந்தோம். ஆனால் தகப்பன், பாட்டன், மனைவி மக்கள், வேலை பார்த்த தோட்டங்கள் என எல்லாம் வரிசையாக எழுதப்பட்ட ஒரே காகிதம் எங்களிடம் அதுதான். தள்ளுபடி செய்தவர்கள் தங்களை அறியாமலே செய்த உபகாரம் என்று சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதில் பூர்வீகம் முசிறி தாலுகா என்று தெளிவாக இருந்தது. ஊர்ப் பெயரோ, தோட்டத்துக் கிளாக்கர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்ததால், எந்த ஊரோடும் பொருந்தவில்லை. முசிறியைச் சுற்றி மூன்று முறை அலைந்து வெறுங்கையோடு திரும்பினேன். முடிச்சை அவிழ்த்தது பெரிய அத்தையின் ஒப்பாரி. பாட்டி இறந்த அன்று அவர் மார்பில் அடித்துக்கொண்டு பாடியதைத் தம்பி மகள் கைபேசியில் பதிந்து வைத்திருந்தாள். அதில் "பச்சமல ஓரத்துல பாட்டன் வச்ச வாசலு" என்றொரு வரி வரும். தேயிலை மலையைத்தான் பாடுகிறார் என்றே நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். துறையூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, "தம்பி, இது பச்சையாக இருக்கிற மலையில்லை, என் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற பச்சைமலை" என்றார். துறையூர்ப் பக்கமும் அந்நாளில் முசிறி தாலுகாவில்தான் இருந்தது என்பதையும் அவரே சொன்னார். பதினைந்து நாளில் ஊர் கிடைத்தது. குலதெய்வக் கோயில் பூசாரி, கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்குப் போன பங்காளிகளைப் பற்றித் தம் அப்பா சொல்லக் கேட்டிருப்பதாகச் சொல்லி, எங்கள் பெயருக்கும் ஒரு தேங்காய் உடைத்தார். ஆசிரியர் ஐயாவுக்கும் பூசாரி ஐயாவுக்கும், எல்லோருக்கும் மேலாக அத்தைக்கும், என் வணக்கம்.

கோத்தகிரிச் சோதிடர் ஐயாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. அவர் என் பிழையைத் திருத்தினார். பெட்டியிலிருந்த, தோட்டத்தில் ஒரு சிறு ஆள்கூட்டத்தை மேய்த்த சில்லறைக் கங்காணியின் கணக்கு நோட்டில், பெயரில்லாத ஓர் இராசிக் கட்டமும் "தாது வருஷம் ஐப்பசி" என்ற குறிப்பும் இருந்தன. அதை 1936 என்று கொண்டு, சிறு வயதிலேயே தவறிப்போன சின்னத் தாத்தாவின் கணக்கில் எழுதிவிட்டேன். தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கொரு முறை திரும்ப வரும் என்பது எனக்கும் தெரியும். அந்த 60 ஆண்டில் குருவும் சனியும் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடுவதால், கட்டத்தை மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். பதினெட்டரை ஆண்டுக்கொரு சுற்று சுற்றும் இராகு கேது மட்டும் அப்படி வந்து நிற்காது. கட்டத்தில் இராகு நின்ற இடத்தைப் பழைய பஞ்சாங்கக் கணக்கோடு ஒப்பிட்டு, இது 1876 என்று அவர் விரல் வைத்துக் காட்டினார். தாது வருஷப் பஞ்சத்தின் ஆண்டு அது. கட்டத்துக்குரியவர் தாத்தாவின் தாத்தா. பஞ்சத்தில் கைக்குழந்தையோடு கோப்பித் தோட்டத்துக்குப் போனோம் என்று வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த பேச்சுக்கு அன்றுதான் ஆண்டு கிடைத்தது.

இலங்கை ஹட்டனில் இருக்கும் மச்சான், மழையில் நனைந்து மூன்று தோட்டங்களில் ஏறியிறங்கிப் படங்கள் அனுப்பினார். மொய் நோட்டுகளை நம்பிக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. கோத்தகிரியில் நடந்த கல்யாணங்களிலும் பெயருக்குப் பக்கத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று இலங்கை ஊர்களையே எழுதியிருந்ததைக் கொண்டுதான் பல கிளைகளை இணைத்தேன். நகல் கேட்டு நான் நடையாய் நடந்த ஓர் அலுவலகத்தின் வாசலில், காசு வாங்காமல் மனு எழுதிக்கொடுத்த பத்திர எழுத்தரையும் மறக்கவில்லை.

விரும்பிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்களின் பெயரை விட்டுவிடும்படி சிலர் கேட்டீர்கள். விடவில்லை. பெண் மக்களின் கிளைகளையும் கல்யாணத்தோடு நிறுத்தாமல் பேரப்பிள்ளைகள் வரை கொண்டுபோயிருக்கிறேன். இதில் வருத்தமுள்ளவர்கள் என்னிடம் நேரில் பேசலாம். அப்படியிருந்தும் தகவல் தந்தீர்களே, அதற்குத் தனியாக நன்றி.

தை மாதம் குலதெய்வக் கோயிலில் பிரதிகளைக் கொடுப்பதாக இருக்கிறோம். முதல் தலைமுறையில், அந்தக் கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு போன தாயின் பெயர் மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை. அந்த இடத்தில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். யாருக்காவது நினைவிருந்தால் எனக்கு எழுதுங்கள். எல்லாப் பிரதியிலும் என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

நன்றியுடன்,
கொடிவழி தொகுத்தவன்,
கோத்தகிரி.