கொழுப்பு ஏறினால் மஜ்ஜை வற்றிவிடுமா?

ஆசிரியருக்கு,

ரத்தத்தில் கொழுப்பு ஏறினால் எலும்பு மஜ்ஜை அடைபட்டு ரத்தம் ஊறுவது குறையும் என்று சென்ற இதழின் மருத்துவப் பக்கம் சொல்கிறது. நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. வயதாக ஆக மஜ்ஜைக்குள் சேரும் மஞ்சள் கொழுப்பு வேறு, ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் வேறு. கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

மஜ்ஜையில் ரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்கள் தம் உறையில் மிஞ்சும் கொலஸ்ட்ராலை ஏபிசிஏ1, ஏபிசிஜி1 என்ற புரதங்கள் வழியே வெளியே தள்ளுகின்றன. அதை வாங்கிப் போவது ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல். இந்த வழி தடைபட்டால் உறையில் கொலஸ்ட்ரால் தேங்கும். ஐஎல்-3, ஜிஎம்-சிஎஸ்எஃப் ஆகிய வளர்ச்சித் தூண்டிகளுக்கான ஏற்பிகள் அங்கே கூடும். செல் அளவுக்கு மீறிப் பிரியும். அதனால் பெருகுபவை மோனோசைட், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள். அந்த மோனோசைட்டுகள்தான் தமனிச் சுவருக்குள் புகுந்து, கொழுப்பை விழுங்கி, அடைப்பை வளர்க்கின்றன. இரு புரதங்களும் இல்லாத எலிகளில் வெள்ளணு பெருகுவதையும், எச்டிஎல் கூடியதும் அது அடங்குவதையும் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2010-ல் காட்டியது. எலிக்குப் பலித்தது என்று எச்டிஎல்லை ஏற்ற மாத்திரை தேட வேண்டாம்: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டினோடு, எச்டிஎல்லை ஏற்றும் நியாசினையும் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகளில் மாரடைப்பு குறையவில்லை.

ரிப்போர்ட்டில் மோனோசைட் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். 10 சதவீதம் சரியாகவே தோன்றும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளணு 12,000 என்றால் அது 1,200, பல ஆய்வகங்களின் மேல்வரம்பான 800–1,000-ஐத் தாண்டியது. காசநோயிலும் இது ஏறலாம் என்பதால் இதை மட்டும் வைத்துக் கொழுப்பைக் குற்றம் சொல்ல முடியாது.

ஹீமோகுளோபினில் வேறொரு வம்பு. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மிகவும் ஏறினால், ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா பால்போலக் கலங்கும். கருவி ஒளியை வைத்து அளப்பதால் அந்தக் கலங்கலையும் ஹீமோகுளோபினாகக் கணக்கிடும்; ரத்தசோகை மறைந்துபோகும். ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைக்கும் சதவீதம்) 36, ஹீமோகுளோபின் 14.4 என்று வந்தால், எம்சிஎச்சி (சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினின் செறிவு) 40 ஆகிறது. எம்சிஎச்சி 36-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். மாதிரியைச் சுழற்றி, கலங்கிய பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, அதே அளவு சலைன் (உப்புநீர்) சேர்த்து, நன்றாகக் கலந்து மறுபடி ஓட்டினால் ஹீமோகுளோபின் 12-ஐ ஒட்டி வரும். ஊற்றும் அளவு பிசகினால் அதுவும் பொய்தான்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனைக்கூட நுட்புநர்கள்,
மதுரை