கோப்பு மேலாளர்களை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிரலாளர்களே, வணக்கம்.

கோப்புகளைப் பார்க்கவும் அடுக்கவும் உதவும் கோப்பு மேலாளரில் ஒரு கோப்புறையை இருமுறை சொடுக்கினால் அது எங்கே திறக்கிறது என்பது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். நாள் முழுக்கக் கோப்புகளைப் பிரித்து அடுக்கும் எங்களுக்கோ வேலையின் ஓட்டமே அதில்தான் இருக்கிறது.

1984இல் வந்த மேக்கின்டாஷில் ஒவ்வொரு கோப்புறையும் தனித்தனிச் சாளரத்தில் திறக்கும். விண்டோஸ் 95உம் அப்படித்தான் தொடங்கியது. 2004இல் லினக்ஸ் கணினிகளுக்கான க்னோம் பணிமேடையின் 2.6 பதிப்பு வந்தபோது அதன் கோப்பு மேலாளரான நாட்டிலஸும் அந்த வழிக்கு மாறியது. ஐந்தடுக்கு உள்ளே போனால் திரையில் ஐந்து சாளரங்கள் கிடக்கும். பலர் கொதித்தார்கள், 2010இல் அதைக் கைவிட்டீர்கள். கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த முறையில் ஒரு நல்ல குணம் உண்டு. மூடிய இடத்திலேயே, மூடிய அளவிலேயே சாளரம் மறுபடி திறக்கும். தேட வேண்டியதில்லை, கை தானே அங்கே போகும். அந்தக் குணத்தையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

பிறகு ஒரே சாளரத்துக்குள் பல கோப்புறைகளைத் திறந்துவைக்கும் டேப்கள் வந்தன. மேக்கின் கோப்பு மேலாளரான ஃபைண்டருக்கு 2013இல், விண்டோஸ் 11க்கு 2022இல். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு டேப்பைப் பார்க்கும்போது மற்றது மறைந்துவிடுகிறதே! ஒருமுறை ஸ்கேன் செய்த படங்களை வெட்டியெடுத்து, டேப் மாறி, அதே பெயர் கொண்ட வேறொரு கோப்புறையில் ஒட்டிவிட்டேன். கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. இரண்டு சாளரங்களும் அருகருகே இருந்திருந்தால் அந்தத் தவறு நடந்தே இருக்காது. கேடிஈ பணிமேடையின் கோப்பு மேலாளரான டால்ஃபினில் எஃப்3 விசையைத் தட்டினால் சாளரம் இரண்டாகப் பிரிகிறது. நாட்டிலஸிலும் அதே எஃப்3 இருந்தது, 2012இல் எடுத்துவிட்டீர்கள். தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.

புதுச் சாளரம் திறக்கும் வழியும் ஆளுக்கொரு விதம். நாட்டிலஸில் ஷிஃப்ட்டோடு என்டர். ஃபைண்டரில் கமாண்டோடு இருமுறை சொடுக்கினால், அமைப்பைப் பொறுத்து டேப்போ சாளரமோ வரும். விண்டோஸில் பெரும்பாலோர் வலது சொடுக்கிப் பட்டியலில் தேடுகிறார்கள். உங்களுக்குள் பேசி, எல்லா மேலாளர்களிலும் ஒரே சைகையை வையுங்கள்.

அதே சாளரமா, புதிய சாளரமா, டேப்பா, பிரித்த திரையா என்ற கேள்வியை அமைப்புகளின் முதல் பக்கத்திலேயே கேளுங்கள். படங்களை அடுக்கும் நாளில் எனக்கு இரண்டு சாளரங்கள் வேண்டும். ஒரு கடிதத்தை மட்டும் தேடும் நாளில் ஒன்றே போதும்.

அன்புடன்,
உங்கள் மென்பொருளை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவர்