சிவப்பு பட்டன் கதை

பாப்பா,

நேத்து நைட்டு நீ போன்ல பேசினப்ப நான் வெறும் "ம்" கொட்டிட்டு வெச்சுட்டேன், அம்மா கூட கேட்டா ஏன் மூஞ்சி இப்படி இருக்குன்னு. நேர்ல சொல்ல வரல, அதான் ஒரு விரல்ல டைப் பண்ணிட்டு இருக்கேன், தப்பு இருந்தா விட்டுடு.

மொதல்ல அவசரத்தை சொல்லிடறேன். உன் அசிஸ்டண்ட் பையன் காப்பி எடுக்காமலே ஃபார்மேட் பண்ணிட்டான்னியே, அந்த கேமரா கார்டை தனியா எடுத்து வை, அதுல இனிமே யாரும் எதுவும் ஷூட் பண்ண வேணாம். சாதாரண ஃபார்மேட்னா பெரும்பாலும் இண்டெக்ஸ், அதாவது எது எங்க இருக்குங்கற லிஸ்ட், அது மட்டும்தான் போகும், உள்ள இருக்கறது அப்படியே கிடக்கும், ரெக்கவரி பண்றவங்க கிட்ட குடுத்துப் பாரு.

அப்புறம், அவனை எல்லார் முன்னாடியும் கிழிச்சுட்டேன்னு சொன்னியே, அது.

1995ல சாலிகிராமத்துல ஒரு சீரியல் கம்பெனில இருந்தேன்ல. சன் டிவி வந்து ரெண்டு வருஷம், ஊர்ல எல்லாருக்கும் சீரியல் பித்து. மாடியில எடிட்டிங் ரூம், ஏசி மிஷினுக்காக ஓடும், நான் ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருப்பேன். ரெண்டு டெக், அதாவது டேப் ஓட்டற மிஷின், ஒண்ணுல ஓட்டி இன்னொண்ணுல ஏத்தணும். உங்களை மாதிரி கம்ப்யூட்டர் டைம்லைன்ல நடுவுல சொருகறதெல்லாம் கிடையாது. 22 நிமிஷ எபிசோடு முடிச்சு வெச்சிருப்போம், டைரக்டர் வந்து அஞ்சாவது நிமிஷத்துல மாமியார் மூஞ்சி ஒண்ணு சேருன்னுவாரு, மிச்சம் 17 நிமிஷத்தையும் மறுபடி ஏத்தணும், இல்லன்னா டேப்ல இருந்து டேப்புக்கு காப்பி போடணும், காப்பி போட்டா படம் கொஞ்சம் மங்கும். விடிஞ்சுடும். மாமியார் என்னவோ எல்லா ஷாட்லயும் ஒரே மூஞ்சிதான் வெச்சிருப்பாங்க.

நாங்க யூஸ் பண்ணது யூமேட்டிக்னு ஒரு வீடியோ டேப், அந்த கேசட்டுக்கு அடியில சின்னதா ஒரு சிவப்பு பட்டன் இருக்கும், அதைப் புடுங்கிட்டா அந்த டேப்புல ரெக்கார்டு ஆகாது. ஷூட்டிங் டேப் வந்ததும் பட்டனைப் புடுங்கி லேபிள் ஒட்டறது என் வேலை. ரெண்டு நைட்டு தூங்காததுல ஒரு டேப்புக்கு ரெண்டையுமே செய்யல. எடிட்டிங்குக்கு முன்னாடி புது டேப்புல பிளாக், அதாவது வெறும் கருப்பு படம், ஏத்தி ரெடி பண்ணுவோம். மறுநாள் காலையில இதைப் புது டேப்புன்னு நினைச்சு பிளாக் ஏத்திட்டேன். டப்பாக்குள்ள ஒட்டாத லேபிள் கிடந்ததைப் பாத்தப்ப 11 நிமிஷம் ஓடியிருந்துச்சு. கை கால் எல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு.

சீனியர் எடிட்டர் அண்ணன் வந்தாரு, டெக்கைப் பாத்தாரு, ஒண்ணும் கேக்கல, போய் டீ வாங்கிட்டு வாடான்னாரு. திரும்பி வந்தா புரொடக்‌ஷன் மேனேஜர் அவரைப் புடிச்சு கத்திட்டு இருக்காரு, அண்ணன் தான்தான் அழிச்சதா சொல்லியிருக்காரு. மூணு நாள் சம்பளம் பிடிச்சாங்க அவருக்கு. நான் டீயை கையில வெச்சுட்டு வாசல்லயே நின்னேன், உண்மையை சொல்ல வாய் வரல, இன்னிக்கு வரைக்கும் அது ஒரு மாதிரிதான் இருக்கு.

மறுநாள் காலி தீப்பெட்டி ஒண்ணை நீட்டினாரு. புடுங்கற பட்டனை எல்லாம் இதுல போடு, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எண்ணு, டேப்பு எத்தனையோ பட்டனும் அத்தனை இருக்கணும். அவ்ளோதான் பேசினாரு. நீ சின்ன வயசுல பாட்டி கூட பல்லாங்குழி ஆடுவியே, சோழி பத்தலைன்னு சிவப்பு பட்டன் போட்டு, அது அந்தப் பட்டன்தான்.

உங்க கம்பெனி பெரிய கம்பெனி, விளம்பரப் படம், ஒரு நாள் ஷூட்டுக்கே லட்சக்கணக்குல செலவு, சரி. ஆனா 16 மணி நேரம் வேலை பாத்த பையன் கையில கார்டைக் குடுத்து காப்பியும் நீயே எடு ஃபார்மேட்டும் நீயே பண்ணுன்னா அது யார் தப்பு? ஒருத்தர் ரெண்டு டிஸ்க்ல காப்பி எடுக்கணும், இன்னொருத்தர் ரெண்டு டிஸ்க்லயும் ஓட்டிப் பாத்து சரின்னு சொன்னப்புறம்தான் கார்டைத் தொடணும். அதுக்கு தனியா ஆள் கேளு உங்க புரொட்யூசர் கிட்ட, நீ கேட்டா குடுப்பாங்க, அவன் கேட்டா குடுக்க மாட்டாங்க.

அம்மா பருப்புப் பொடி அரைச்சிருக்கா, மும்பை அந்தேரி அட்ரஸுக்கே அனுப்பட்டுமா? ரெண்டு பாக்கெட்டா போடச் சொல்றேன், ஒண்ணு அவனுக்கு. கார்டு என்னாச்சுன்னு மெசேஜ் போடு.

அப்பா